அம்புக்கு ஆள் யார்?

என் முதல் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் உள்தேர்வில் எனக்குக் கிடைத்தது 50க்கு 11. கணக்கு எனக்கு வராத பாடம் இல்லை. பள்ளியில் மற்ற பாடங்களின் மானத்தையும் கணக்குதான் காப்பாற்றியது. அதனால் விடைத்தாள் கைக்கு வந்ததும் கூட்டல் பெருக்கலில்தான் பிழை தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. சமன்பாடுகளைத் தீர்த்த விதமும் சரி, கால்குலேட்டரில் தட்டியதும் சரி. சிவப்பு மை முழுக்கப் படங்களின் மேல்தான் இருந்தது. ஒவ்வொரு படத்திலும் விசைகளைக் காட்டும் ஒன்றிரண்டு அம்புகளைச் சுற்றி வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான்.

ஆசிரியரிடம் கேட்கப் போனேன். முதல் கணக்கில் ஒரு சாய்தளம், வழவழப்பானது, அதன்மேல் ஒரு பெட்டி, அது சறுக்கிவிடாமல் மேலிருந்து ஒரு கயிறு. நான் ஐந்து அம்புகள் போட்டிருந்தேன்: எடை, எடையின் சைன் கூறு (சரிவு வழியே இழுக்கும் பங்கு), எடையின் கொசைன் கூறு (தளத்தை அமுக்கும் பங்கு), தளம் தனக்குச் செங்குத்தாகத் தரும் விசை, கயிற்றின் இழுவிசை.

“இந்தப் பெட்டிக்கு எத்தனை எடை?” என்றார்.

“ஒண்ணுதான் சார்.”

“நீ ரெண்டு எடை போட்டிருக்கியே. சரி, ஒவ்வொரு அம்பா விரல் வச்சு, இதை யார் தர்றாங்கன்னு சொல்லு.”

எடைமேல் விரல் வைத்தேன்: பூமி. செங்குத்து விசை: தளம். இழுவிசை: கயிறு. சைன் கூறின்மேல் விரல் போனதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. “எடை சார்” என்றேன். “எடை யாரு?” “பூமி.” “பூமிதான் ஏற்கெனவே ஒருதரம் குடுத்தாச்சே.”

அந்த ஐந்து நிமிடம்தான் எனக்கு ஸ்டேட்டிக்ஸ், அதாவது அசையாமல் நிற்கும் பொருள்களின் விசைக் கணக்கு, பாடம். அதற்குப் பிறகு நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை இதே கேள்வியை மறந்ததால் வந்தவை. முழு விசையும் அதன் கூறுகளும் ஒரே படத்தில் சேர்ந்து நிற்கக் கூடாது. ஒன்று அதைப் போடு, இல்லாவிட்டால் இதைப் போடு. நான் இன்றும் முழு விசையைக் கனமான கோட்டிலும், கூறுகள் தேவைப்பட்டால் பக்கத்தில் தனியாக ஒரு சின்ன முக்கோணத்திலும் வரைகிறேன். பெட்டியின்மேல் கூறுகளை வரைவதே இல்லை.

ஒரு பொருளைத் தனியே எடுத்து அதன்மேல் வரும் விசைகளை வரையும் இந்தப் படத்தைத் தனித்த பொருள் விசைப்படம் என்று பாடநூல் சொல்லும். ஃப்ரீ பாடி டயகிராம் என்பதைச் சுருக்கி நாங்கள் சொல்வது எஃப்பிடி. அதில் ‘தனித்த’ என்ற சொல்லைத்தான் எல்லோரும் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எதைத் தனித்து எடுக்கிறோம்? வளையத்தையா, கப்பியையா, கப்பியும் பெட்டியும் சேர்ந்த கூட்டத்தையா? அதை முடிவு செய்யாமல் வரையும் படம் ஓவியம்தான், எஃப்பிடி இல்லை. நான் செய்வது இது: எடுத்த பொருளைச் சுற்றிப் புள்ளிக்கோட்டில் ஒரு வேலி போடுவேன். அப்புறம் அந்த வேலியோரமாகப் பென்சிலை நகர்த்திக்கொண்டே ஒரு முழுச் சுற்று வருவேன். வெளியில் உள்ள எதுவாவது வேலியைத் தொட்டால் அங்கே ஒரு விசை. கயிறு வேலியைக் கடந்தால் ஒரு வெட்டு, வெட்டிய இடத்தில் வெளிப்பக்கமாக ஓர் இழுவிசை. சுற்று முடிந்ததும் கடைசியாக எடை. தொடாமல் விசை தருவது பூமி மட்டும்தான், இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை. வேலிக்கு உள்ளேயே நடப்பது எதுவும் படத்தில் வராது.

இது எவ்வளவு வேலை செய்யும் என்பது எனக்கு உறைத்தது ஒரு தொங்கு இருக்கைக் கணக்கில். கூரையில் ஒரு கப்பி. கயிற்றின் ஒரு முனை இருக்கையில் கட்டியிருக்கிறது. கயிறு மேலே போய்க் கப்பியைச் சுற்றி இறங்கி, இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் கையிலேயே வந்து முடிகிறது. தன்னைத் தானே பிடித்துக்கொண்டு தொங்குகிறார். அவர் எடை 700 நியூட்டன், இருக்கை 100. கயிற்றின் இழுவிசை என்ன?

நான் கொஞ்சமும் யோசிக்காமல் 800 என்று எழுதினேன். தொங்குவது 800, பிடிப்பது ஒரு கயிறு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வேலி போட்டுப் பாருங்கள். ஆளையும் இருக்கையையும் சேர்த்து ஒரே வேலி. அந்த வேலியைக் கயிறு எத்தனை இடத்தில் கடக்கிறது? இரண்டு இடத்தில்: இருக்கையிலிருந்து மேலே போகும்போது ஒருதரம், கைக்கு இறங்கி வரும்போது ஒருதரம். கப்பியில் உராய்வு இல்லை என்றால் இரண்டு பக்கமும் ஒரே இழுவிசை. ஆக இரண்டு இழுவிசை சேர்ந்து 800. ஒன்று 400.

சரியா என்று பார்க்க வேலியை மாற்றிப் போடலாம். ஆளை மட்டும் சுற்றி: கீழே 700, கயிறு மேலே 400, மீதி 300 இருக்கை தள்ள வேண்டும். இருக்கையை மட்டும் சுற்றி: அதன் எடை 100, ஆள் கீழே அமுக்குவது 300, மேலே கயிறு 400. கணக்கு உதைக்கவில்லை. அந்த 300 முதல் படத்தில் ஏன் வரவில்லை? அது வேலிக்குள்ளே நடந்த சமாச்சாரம். ஆளுக்கும் இருக்கைக்கும் நடுவே வேலி போட்டால்தான் வெளியே வரும். எந்த விசை வேண்டுமோ அது வேலியைக் கடக்கும்படி வேலி போட வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. தெரியாத எண்ணை எப்படித் தேடுவது என்ற கேள்விக்கு அதற்கு முன் என்னிடம் பதிலே இல்லை. கண்ணில் படும் சமன்பாட்டையெல்லாம் எழுதி, பக்கத்தை நிரப்பி, பார்ப்போம் என்று இருந்துவிடுவேன்.

இன்னொன்றையும் போட்டுப் பாருங்கள். அதே கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கித் தரையில் நிற்கும் ஒருவர் பிடித்தால்? இப்போது வேலியைக் கயிறு ஒரே ஒருதரம்தான் கடக்கிறது. இழுவிசை 800. கூரைக்கு 1600. முன்பு கூரை தாங்கியது 800 மட்டும். தொங்குபவர் அதே ஆள், அதே உயரம். கயிற்றின் முனை எங்கே போகிறது என்பது மட்டும் மாறியதில் கூரைக்குச் சுமை இரட்டிப்பு. இதை முதல்முறை போட்டபோது நான் நம்பாமல் மூன்று தடவை திரும்பப் போட்டேன்.

இதே மாதிரி ஒரு மாற்றம் நிஜத்தில் 114 உயிர்களை வாங்கியிருக்கிறது. 1981 ஜூலை 17, அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயத் ரீஜென்சி ஓட்டல். முகப்புக் கூடத்துக்கு மேலே இரண்டு நடைபாலங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கின, நான்காம் மாடிக்கு ஒன்று, இரண்டாம் மாடிக்கு ஒன்று. முதல் வரைபடத்தில் கூரையிலிருந்து நீளமான எஃகுக் கம்பிகள் இறங்கி, மேல்பாலத்தின் உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு கீழ்ப்பாலம்வரை போக வேண்டும். ஒவ்வொரு பாலமும் தன் அடியில் உள்ள நட்டின்மேல் உட்காரும். கட்டும்போது இதை இரண்டு துண்டாக்கினார்கள்: கூரையிலிருந்து மேல்பாலத்துக்கு ஒரு கம்பி, மேல்பாலத்தின் உத்தரத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு இன்னொரு கம்பி. பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. கம்பியின் மொத்தச் சுமையும் மாறவில்லை.

மேல்பாலத்தின் உத்தரத்தை மட்டும் வேலி போட்டு எடுங்கள். முதல் வரைபடத்தில் உத்தரத்தின்மேல் இருப்பது ஒரு பாலத்தின் சுமை, அதைத் தாங்குவது அடியில் உள்ள நட்டு. கீழ்ப்பாலத்தின் சுமை கம்பி வழியே நேராகக் கூரைக்குப் போகிறது, உத்தரத்தைத் தொடுவதே இல்லை. இரண்டாவது வரைபடத்தில் கீழ்ப்பாலம் தொங்குவதே இந்த உத்தரத்தில். இரண்டு பாலத்தின் சுமையும் அதே ஒரு நட்டுக்கு. ஒரே கயிற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவதற்கும், ஒருவர் கயிற்றைப் பிடிக்க மற்றவர் அவர் காலைப் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம். கயிற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். மேலே இருப்பவர் கைக்கு ஒன்றில்லை. பிறகு நடந்த விசாரணையில், முதல் வடிவமைப்பே கட்டட விதிகள் கேட்ட பலத்தைத் தொடவில்லை என்று தெரிந்தது. இந்த மாற்றம் இருந்ததையும் பாதியாக்கிவிட்டது.

நான் ஜூனியர்களுக்கு இந்தப் படத்தை வரையச் சொல்லும்போது எண்ணே தருவதில்லை. ஒரு பாலத்துக்கு ஒரு சுமை, அவ்வளவுதான். இரண்டு படமும் போட ஐந்து நிமிடம் ஆகாது.

கோணங்களுக்கு வருவோம். சைனா கொசைனா என்ற குழப்பம் எனக்கு ஓர் ஆண்டு முழுக்க இருந்தது. கிடைமட்டம் என்றால் கொசைன், செங்குத்து என்றால் சைன் என்று மனப்பாடம் செய்திருந்தேன். கோணத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்து கேட்டதும் எல்லாம் தலைகீழ். இப்போது நான் மனப்பாடத்தை நம்புவதில்லை. கோணத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பூஜ்யமாக்கிப் பார்ப்பேன். சாய்தளம் படுத்துவிட்டால் பெட்டியைக் கீழே இழுக்கும் கூறு என்ன ஆக வேண்டும்? காணாமல் போக வேண்டும். பூஜ்யத்தில் காணாமல் போவது சைன். முடிந்தது. நேரம் ஆவது இரண்டு விநாடி.

சாய்தளத்தின் இந்தச் சைன் கூறைக் கோணமோ கூறோ பேசாமலே ஒருவர் நிறுவியிருக்கிறார் என்று பின்னால் படித்தபோது ஆடிப்போய்விட்டேன். சைமன் ஸ்டெவின் என்ற ஃப்ளெமிஷ் கணித அறிஞர், 1586இல். ஒரு முக்கோணக் கட்டை, ஒரு சரிவு இன்னொன்றைப் போல் இருமடங்கு நீளம். அதன்மேல் 14 குண்டுகள் கோத்த ஒரு மாலை. நீளச் சரிவில் நான்கு குண்டு, குட்டைச் சரிவில் இரண்டு, மீதி எட்டும் கீழே தொங்குகின்றன. மாலை தானாகச் சுற்றத் தொடங்கினால் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் எவ்வளவு நகர்ந்தாலும் அதே அமைப்புதான் திரும்ப வரும். அது நடக்காது. ஆகவே அசையாது. கீழே தொங்கும் எட்டும் இரண்டு பக்கமும் சமமாக இழுக்கின்றன, அவற்றை அறுத்து எறிந்தாலும் மேலே இருப்பது அசையாது. நீளச் சரிவின் நான்கும் குட்டைச் சரிவின் இரண்டும் சமநிலை. ஒரு சமன்பாடுகூட இல்லை.

கால்குலேட்டர் சங்கதி ஒன்று, போகிற போக்கில். ஒரு தேர்வில் 30 டிகிரிக்கு என் சைன் மைனஸ் 0.988 என்று வந்தது. திரையின் மேல்ஓரத்தில் கடுகளவு ஓர் ‘ஆர்’ எழுத்து: டிகிரியில் இல்லாமல், கோணத்தின் இன்னோர் அலகான ரேடியனில் இருந்தது. நான் கவனிக்கவில்லை, விசைகள் எல்லாம் திசைமாறி வந்தும் தேற்றம் தப்போ என்றுதான் யோசித்தேன். இப்போதும் கால்குலேட்டரைக் கையில் எடுத்தால் முதலில் சைன் 30 தட்டி 0.5 பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

இரண்டு கயிறு ஒரு வளையத்தைப் பிடித்திருக்கிறது, வளையத்தில் 500 நியூட்டன் தொங்குகிறது. இடக்கயிறு கிடைமட்டத்துக்கு 30 டிகிரி, வலக்கயிறு 60. கிடைமட்டக் கூறுகள் சமம் என்று எழுதினால் வலக்கயிற்றின் இழுவிசை இடதைப் போல் 1.73 மடங்கு. செங்குத்துக் கூறுகளைக் கூட்டி 500க்குச் சமப்படுத்தினால் இடது 250, வலது 433. இதைப் போடும் முன்பே எது பெரியது என்று ஒரு ஊகம் எழுதி வைப்பது என் பழக்கம். நிமிர்ந்து நிற்கும் கயிறுதான் அதிகம் சுமக்கும். விடை அதற்கு மாறாக வந்தால் சைனும் கொசைனும் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கணக்கை லாமியின் தேற்றத்தில் ஒரே வரியில் முடிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு புள்ளியில் சந்திக்கும் மூன்று விசைகளுக்கு மட்டும். நான்கு விசை வந்த இடத்திலும் அதையே போட்டு மார்க்கைத் தொலைத்த பிறகு நான் கூறுகளோடு நின்றுவிட்டேன்.

கோணம் காகிதத்தில் இருக்கும்வரை அதன் வலிமை தெரியாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பம்ப் பொருத்திய ஓர் அடிச்சட்டத்தைக் கிரேனில் தூக்க வேண்டியிருந்தது. மொத்தம் 3 டன். இரண்டு தூக்குக் கண்கள், நடுவே 3 மீட்டர் இடைவெளி. கையில் இருந்தவை 2 டன் தாங்கும் இரண்டு ஸ்லிங், அதாவது சுமையைக் கட்டித் தூக்கும் கயிறு. இரண்டும் இரண்டும் நாலு, தூக்குவது மூன்று. நான் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். சுமை கட்டும் வேலை பார்க்கும் ரிக்கர் அண்ணன் ஸ்லிங்கை ஹூக்கில் மாட்டிக் கொஞ்சம் இறுக்கிப் பார்த்தார். தூக்கவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“தம்பி, இது ரொம்பப் படுத்துக் கெடக்கே.”

“ரெண்டும் சேர்ந்து நாலு டன் தாங்கும்ணே.”

“நிமிந்து நின்னா தாங்கும்.”

நான் நோட்டைத் திறந்தேன். ஸ்லிங் ஒவ்வொன்றும் 1.75 மீட்டர்தான். பாதி இடைவெளி 1.5 மீட்டர். கோணம் ஏறக்குறைய 30 டிகிரி. ஒரு ஸ்லிங்கின் இழுவிசை என்பது எடையை இரண்டால் வகுத்து, கோணத்தின் சைனாலும் வகுத்தால் வருவது. 30 டிகிரியில் சைன் அரை. ஆக ஒவ்வொரு ஸ்லிங்குக்கும் முழுசாக 3 டன். இரண்டு பேர் சேர்ந்து தூக்கியும் ஆளுக்கு முழுச் சுமை. அவர் 3 மீட்டர் ஸ்லிங் இரண்டு எடுத்துவரச் சொன்னார். கோணம் 60 ஆனது, ஆளுக்கு 1.73 டன். அதே 2 டன் ரகம், நீளம் மட்டும் கூடுதல். அவர் சைன் போட்டுப் பார்க்கவில்லை. நின்று பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு அன்று காது சுட்டது உண்மை.

இன்னும் படுத்தால் என்ன ஆகும்? 10 டிகிரியில் ஒரு கயிற்றுக்கு எடையைப் போல் 2.9 மடங்கு. 5 டிகிரியில் 5.7 மடங்கு. 1 டிகிரியில் கிட்டத்தட்ட 29 மடங்கு. நடுவில் சுமையோடு ஒரு கயிற்றை முழுக்க நேராக இழுத்துக் கட்டவே முடியாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை. செங்குத்துக் கூறு கொஞ்சமாவது இருந்தால்தானே எடையைப் பிடிக்கும்?

திருப்புத்திறனில், நாங்கள் மொமெண்ட் என்றுதான் சொல்வோம், என்னை வாட்டியது வேறு ஒன்று. ஒரு புள்ளியைச் சுற்றிப் பொருளைத் திருப்பும் வலு அது: விசையை, புள்ளியிலிருந்து அதன் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தால், அதாவது கை நீளத்தால், பெருக்கினால் வருவது. மொமெண்ட் எந்தப் புள்ளியிலும் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். சுதந்திரம் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு கிடைமட்ட உத்தரத்துக்கு இடமுனையில் ஒன்று, நடுவில் ஒன்று, வலமுனையில் ஒன்று என்று மூன்று மொமெண்ட் சமன்பாடு எழுதினேன். இடமுனையில் ஹின்ஜ் (எந்தப் பக்கமும் நகரவிடாத தாங்கி), வலமுனையில் ரோலர் (பக்கவாட்டில் உருளவிட்டு, செங்குத்தாக மட்டும் தாங்குவது), நடுவே சாய்வாக ஒரு சுமை. மூன்று சமன்பாடு, தெரியாதவை மூன்று. தீர்க்கத் தீர்க்கக் கடைசியில் பூஜ்யம் சமம் பூஜ்யம் என்று வந்து நின்றது. தவறு இல்லை, பயனும் இல்லை. இரவு முழுக்க அதில் போனது.

காரணம் எளிது. மூன்று புள்ளியும் ஒரே கோட்டில். ஹின்ஜின் கிடைமட்ட விசை அந்தக் கோடு வழியாகவே போகிறது. அதற்கு எந்தப் புள்ளியிலும் கை நீளம் இல்லை, எந்தச் சமன்பாட்டிலும் தலைகாட்டாது. பேச்சே வராத ஆளைப் பற்றி மூன்று பேரிடம் விசாரித்த கதை. ஒரு தளத்தில் சமநிலை தரும் சமன்பாடுகள் மூன்றுதான். நான்காவதாக எதை எழுதினாலும் அது பழையவற்றின் கலவை. ஆனால் அந்த நான்காவதைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம்: விடை கிடைத்த பிறகு, கணக்கில் பயன்படுத்தாத ஒரு புள்ளியில் மொமெண்ட் எடுத்து பூஜ்யம் வருகிறதா என்று பார்ப்பேன். பின்பக்க விடை பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல், தேர்வில் பின்பக்கம் கிடையாதே.

புள்ளியைத் தேர்வு செய்ய என் வழி: தெரியாத விசைகளின் கோடுகளை நீட்டு. எங்கே அதிகம் சந்திக்கின்றனவோ அங்கே மொமெண்ட் எடு. அந்தப் புள்ளி பொருளுக்கு வெளியே காற்றில் இருந்தாலும் பரவாயில்லை.

உராய்வில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. 100 நியூட்டன் பெட்டி, உராய்வுக் கெழு 0.5, கிடைமட்டமாக 20 நியூட்டனில் இழுக்கிறோம். உராய்வு எவ்வளவு? வகுப்பில் பாதிப்பேர் 50 என்போம். 50 என்றால் பெட்டி நம் கையை எதிர்த்துத் தானே பின்னால் ஓட வேண்டும்! உராய்வு 20தான். கேட்டதைக் கொடுக்கும், 50வரை. கெழுவைச் செங்குத்து விசையால் பெருக்கி வருவது அதன் எல்லை. நழுவப் போகிற விளிம்பில் மட்டும்தான் உராய்வு அந்த எல்லைக்குச் சமம். கேள்வியில் ‘நழுவும் தறுவாயில்’ என்று இல்லாவிட்டால், உராய்வைத் தெரியாத விசையாக வைத்துச் சமநிலையில் கண்டுபிடித்து, அப்புறம் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏணிக் கணக்கில் இது நன்றாக விளங்கும். 5 மீட்டர் ஏணி, அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, உச்சி 4 மீட்டர் உயரத்தில். சுவர் வழவழப்பு. ஏணியின் எடை 200 நியூட்டன். அடியில் மொமெண்ட் எடுத்தால் தரையின் இரண்டு விசைகளும் வெளியேறிவிடும். சுவர் தருவது 4 மீட்டர் கையில், எடை 1.5 மீட்டர் கையில். சுவர் விசை 75. தரையின் உராய்வும் 75. தரைக்குத் தேவையான கெழு 0.375. சரி, தரையின் கெழு 0.4 என்று வைத்துக்கொள்வோம், ஏணி நிற்கும். இப்போது 600 நியூட்டன் எடையுள்ள ஒருவர் ஏறுகிறார். தரையின் செங்குத்து விசை 800 ஆகிறது, உராய்வின் எல்லை 320. கணக்குப் போட்டால் ஏணியில் ஏறக்குறைய 2.7 மீட்டர் ஏறியதும் அந்த எல்லை வந்துவிடும். பாதியைத் தாண்டியதும் அடி நழுவுகிறது. ஏறத் தொடங்கும்போது கல் மாதிரி நிற்கும் ஏணி மேலே போனதும் ஏன் சறுக்குகிறது என்பது இதுதான். நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தள்ளி வை என்ற பாதுகாப்பு விதியில் இதே ஏணியைப் போட்டுப் பாருங்கள், உச்சிவரை ஏறினாலும் கெழு 0.22 போதும்.

ஆள் ஏறாத கணக்கைச் சமன்பாடே இல்லாமலும் சரிபார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்த வழி இது. மூன்று விசைகள் மட்டும் ஒரு பொருளைச் சமநிலையில் வைத்திருந்தால், இணையாக இல்லாதபட்சத்தில், மூன்றின் கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். சுவர் விசையின் கோடு 4 மீட்டர் உயரத்தில் கிடைமட்டமாகப் போகிறது. எடையின் கோடு அடியிலிருந்து 1.5 மீட்டரில் நெட்டாகப் போகிறது. தரையின் மொத்த விசை இந்தச் சந்திப்பைப் பார்த்தபடிதான் அடியிலிருந்து கிளம்ப வேண்டும். சாய்வு 1.5க்கு 4. வகுத்தால் 0.375. அதே எண்.

எல்லாக் கணக்கும் இப்படி வழிக்கு வராது. நான்கு கால் மேசை ஒன்றின் ஒவ்வொரு காலும் எவ்வளவு தாங்கும் என்று ஒருமுறை நானாகப் போட உட்கார்ந்தேன். செங்குத்து விசைகள் மட்டும் இருக்கும்போது கிடைப்பவை மூன்று சமன்பாடு, கால்கள் நான்கு. சமநிலை மட்டும் இதற்குப் பதில் சொல்லாது, மேசையும் தரையும் எவ்வளவு வளைகின்றன என்பதும் தெரிய வேண்டும். முக்காலி ஆடாமல் நிற்பதும் இதனால்தான். தெரியாதவற்றை எண்ணிப் பார்க்காமல் கணக்கில் இறங்கக் கூடாது என்பதற்கு அந்த மாலைப்பொழுது செலவானது.

கடைசியாக, மைனஸ். இதை நான் எத்தனை தடவை அழித்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. 6 மீட்டர் உத்தரம், இடமுனையில் ஹின்ஜ், 4 மீட்டரில் ரோலர், வலமுனையில் 12 கிலோநியூட்டன் சுமை. இடமுனை விசை மைனஸ் 6 என்று வரும். தாங்கி என்றால் மேலேதானே தள்ளும் என்ற நம்பிக்கையில் அந்த மைனஸை அழித்துவிட்டு மூன்று முறை திரும்பப் போட்டேன், மூன்று முறையும் அதே மைனஸ். நான்காம் முறை வெறும் 6 என்று எழுதிவிட்டேன். ஹின்ஜ் உத்தரத்தைக் கீழே பிடித்து இழுக்கிறது என்று படம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நான்தான் காது கொடுக்கவில்லை.

போன மாதம் தங்கை மகன் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். முதலாண்டு. 6 மீட்டர் பலகை, எடை 300 நியூட்டன், இடமுனையிலும் 4 மீட்டரிலும் இரண்டு கட்டைகளின் மேல் சும்மா கிடத்தியிருக்கிறது. வலமுனையில் 600 நியூட்டன் ஆள் ஒருவர் நிற்கிறார். இடக்கட்டையின் விசை எழுதிய இடத்தில் காகிதம் நைந்துபோகும்வரை ரப்பர் தேய்த்திருந்தது. அடியில் மங்கலாக மைனஸ் 225 தெரிந்தது.

“மாமா, மைனஸ் வருது. எங்க தப்பு?”

“தப்பே இல்ல. அந்த அம்பை யார் தர்றா, அதை மட்டும் சொல்லு.”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் வந்தது: “கட்டை.” அடுத்த நிமிடமே இன்னொன்று: “கட்டையால கீழ இழுக்க முடியாதே மாமா. அப்ப இவர் அங்க நிக்கவே முடியாது, பலகை தூக்கிரும்.”

நான் ஒன்றும் அனுப்பவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒரு படம். புதுப் பக்கம், இடக்கட்டையின் விசை பூஜ்யம் என்று வைத்து, 300ஐ 1 மீட்டரால் பெருக்கி, அதை 600ஆல் வகுத்திருந்தான். அடியில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தான்: கட்டையைத் தாண்டி 0.5 மீட்டர், அதுக்கு மேல போனா விழுவார்.